செயின்ட் கில்டாவின் கோனகர் மலை: நாலரை மணி நேரத்தில் ஒரு தீவை நடந்து பார்க்க முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டாவில் பெரிய தீவான ஹிர்ட்டாவில் கால் வைத்ததிலிருந்து திரும்பப் படகேறும் வரை உங்களுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம். அதிகம் போனால் ஐந்து. அதற்காக ஒரு முழுநாள் கடல் பயணம், 200 பவுண்டைத் தாண்டும் படகுக் கட்டணம், அதற்கு முன்னால் ஹாரிஸ் தீவு வரை போய்ச் சேருகிற அலைச்சல். இவ்வளவு செலவழித்துப் போய்விட்டு, ‘எங்கே ஆரம்பிப்பது’ என்று படகுத்துறையில் நின்று யோசித்தே முக்கால் மணி நேரத்தைத் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை நானும் அப்படித்தான் நின்றேன். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

செயின்ட் கில்டா ஒற்றைத் தீவு இல்லை, ஒரு தீவுக் கூட்டம். ஸ்காட்லாந்தின் வடக்கு யூயிஸ்ட் தீவிலிருந்து மேற்கு-வடமேற்காக அட்லாண்டிக்கில் சுமார் 64 கி.மீ. தள்ளிக் கிடக்கிறது. மனிதர்கள் குடியிருந்த பெரிய தீவு ஹிர்ட்டா. அதன் உச்சி கோனகர், 430 மீட்டர். சோயே, டூன், போரரே என்ற மற்றவை பறவைகளுக்கும் ஆடுகளுக்கும் சொந்தம். பெயரில் ‘செயின்ட்’ இருந்தாலும் கில்டா என்று ஒரு புனிதர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஊற்று என்று பொருள்படும் பழைய நார்வே மொழிச் சொல் ஒன்று திரிந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

430 மீட்டர் என்றதும் ‘பூ, இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் இந்த மலை கடல் மட்டத்திலிருந்தே எழும்புகிறது. ஒரு பக்கம் புல் சரிவு. மறுபக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து நேராகக் கடலுக்குள் விழும் பாறைச் சுவர், பிரிட்டனிலேயே உயரமான கடற்பாறை. இந்த மலையில் ஏறுகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். இங்கே வாழ்ந்தவர்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் மலை இல்லை, அவர்களுடைய களஞ்சியம். உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்புவதை விட, அந்தக் களஞ்சியத்தை அறை அறையாகப் பார்த்துக்கொண்டே ஏறுவதுதான் எனக்குத் தெரிந்து சரியான வழி.

எப்போது போவது

படகுகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் ஓடும். மே கடைசியிலிருந்து ஜூலை வரை போனால் பறவைகள் நிறைந்திருக்கும், பகலும் நீளம். வளை தோண்டிக் கூடு வைக்கும் பஃபின் என்ற கடற்பறவையைப் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் போய்விடுங்கள். அதற்கப்புறம் அவை கடலுக்குப் போய்விடும், வளைகள் மட்டும்தான் இருக்கும். செப்டம்பரில் கூட்டம் குறைவு, கடலின் கோபம் அதிகம்.

தேதியை விட முக்கியம் காற்று. கரையிறங்கும் இடமான வில்லேஜ் பே தென்கிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று அடித்தால் அலை நேராக உள்ளே வரும், யாரையும் இறக்க மாட்டார்கள். வானம் பளிச்சென்று இருக்கும், படகு போகாது. ‘வெயில் அடிக்கிறதே, ஏன் ரத்து செய்தீர்கள்’ என்று படகுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். என் முதல் முயற்சி இப்படித்தான் போனது. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மறு வருடம்தான் கரையேறினேன்.

அதனால் பதிவு செய்யும்போதே இரண்டு நாளை ஒதுக்குங்கள். பெரும்பாலான படகுக்காரர்களே குறித்த நாளும் அதற்கு மறுநாளும் காலியாக இருக்கட்டும் என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் மூன்று நாள்.

கரை வரை

இரண்டு வழி உண்டு. ஹாரிஸ் தீவின் தென்கோடியில் இருக்கும் லெவர்பர்க்கிலிருந்து கிளம்பினால் சுமார் மூன்று மணி நேரம். ஸ்கை தீவிலிருந்து நேராகப் போகும் படகுகளும் உண்டு, அதில் நேரம் கூடும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லெவர்பர்க்தான் நல்லது. கிளாஸ்கோவிலிருந்து கார் ஓட்டி வருகிறவர்கள் ஸ்கையின் ஊயிக் துறையில் பெரிய கப்பல் ஏறி, ஹாரிஸின் டார்பெர்ட்டில் இறங்கி, அங்கிருந்து தெற்கே ஓட்ட வேண்டும். ஒன்று மறக்க வேண்டாம்: ஹாரிஸில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வுநாள். கடைகள் மூடியிருக்கும். திங்கள் காலை படகு என்றால் சனிக்கிழமையே சாப்பாட்டுச் சாமான் வாங்கிவிடுங்கள்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் படகேறிய பிறகு போட்டுப் பயனில்லை. முந்தின இரவோ, கிளம்ப ஒரு மணி நேரம் முன்போ போட வேண்டும், எது என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் இஞ்சி போதும். தொடுவானத்தைப் பார்த்தபடி படகின் பின்பக்கம் உட்காருங்கள். கைபேசியைப் பார்த்தீர்களோ, தொலைந்தீர்கள்.

பையில் என்ன

தீவில் ஹோட்டல் இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை. மரம்கூட இல்லை, அதனால் நிழலோ காற்றுத் தடுப்போ கிடையாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ‘புளியோதரை, இல்லாவிட்டால் தயிர் சேராத வேறு எதுவும்’ என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன், படகு குலுக்கலில் தயிர் டப்பா திறந்துகொண்ட அனுபவம் உண்டு.

மேல்சட்டையும் கால்சட்டையும் மழை புகாததாக இருக்கட்டும். ஜூலையாக இருந்தாலும் கம்பளித் தொப்பியும் கையுறையும் வேண்டும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் பூட்ஸ் அவசியம், ஏனென்றால் நடை முழுக்கவே புல், ஈரப் பாசி, சேறு. ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் முட்டிக்கு மட்டுமல்ல, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் லேண்ட்ரேஞ்சர் 18-ம் எண் தாளில் இந்தத் தீவு வரும். திசைகாட்டியும் வேண்டும். கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பி வருகிறவர்கள் மேகத்துக்குள் போனதும் விழிப்பார்கள்.

கிளம்பும் முன் பையை முழுதாகக் கவிழ்த்துப் பாருங்கள். இது சடங்குக்குச் சொல்வது இல்லை. தரையில் வளை தோண்டியும் பாறை இடுக்கிலும் முட்டையிடும் கடற்பறவைகள் இங்கே லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரிய எலி இனத்தில் கர்ப்பிணி ஒன்று கரையேறினால் போதும், கதை முடிந்தது. பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணையும் விதைகளையும் கழுவிவிட்டு வாருங்கள். நாய்க்கு அனுமதி இல்லை. ட்ரோனும் கூடாது.

முதல் அரைமணி: இறங்கியதும்

படகு நேராகத் துறையை ஒட்டாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, ரப்பர் படகில் ஐந்தாறு பேராக ஏற்றிக்கொண்டு போவார்கள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு கையும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். படகோட்டி ‘இப்போது’ என்று சொல்லும்போது தாவ வேண்டும், அலை தாழும்போது இல்லை.

தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கையில் 1957 முதல் இருக்கிறது. அவர்களுடைய காவலர் ஒருவர் துறையிலேயே நின்று சிறு விளக்கம் கொடுப்பார். எந்தச் சரிவில் பறவைகள் முட்டையோடு இருக்கின்றன, எந்தப் பாதை வழுக்குகிறது என்பதெல்லாம் அன்றைய தேதிக்கு அவருக்குத்தான் தெரியும். காது கொடுத்துக் கேளுங்கள். அவர் சொன்னதும் நான் சொன்னதும் மோதினால் அவர் சொன்னதே சரி. கழிப்பறையும் இந்தப் பக்கம்தான், மேலே எதுவும் இல்லை.

பக்கத்திலேயே புதுக் கட்டடங்கள் கண்ணில் படும். 1957 முதல் இங்கே ராணுவத்தின் ஏவுகணைக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. ‘உலகின் விளிம்பு’ என்று கனவு கண்டு வந்தவர்களுக்கு முதலில் காதில் விழுவது ஜெனரேட்டர் சத்தம். முகத்தைச் சுளிக்க வேண்டாம், அவர்கள் போட்ட சாலை பின்னால் நமக்கு உதவப் போகிறது.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும்: மலை முதலா, ஊர் முதலா? உச்சியை அண்ணாந்து பாருங்கள். கோனகர் தனக்கென ஒரு மேகத்தை உண்டாக்கிக்கொள்ளும். கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து தொப்பி போலக் கவிழ்ந்துவிடும். சுற்றிலும் வெயில் அடிக்க, இந்த ஒரு தலையில் மட்டும் மேகம் உட்கார்ந்திருக்கும். உச்சி தெரிந்தால் உடனே மலைக்கு. மூடியிருந்தால் ஊரைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போகலாம். அப்போதும் கலையாவிட்டால் விளிம்புப் பாதையை விட்டுவிட்டுச் சாலை வழியே போய்த் திரும்புங்கள்.

சுற்று எந்தத் திசையில்

வலப்பக்கமாக, அதாவது ‘கேப்’ என்ற கணவாய்க்கு முதலில் ஏறி, அங்கிருந்து விளிம்பையொட்டி உச்சிக்குப் போய், மேற்கே முல்லக் மோர் வழியாகச் சாலையைப் பிடித்து இறங்குங்கள். சுமார் 6 கி.மீ. வரும், 450 மீட்டருக்குச் சற்று மேல் ஏற்றம். நடைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு. சாலை வழியே சுலபமாக ஏறிவிடலாமே என்று நினைப்பார்கள். ஆனால் அப்படிப் போனால் களைத்த காலோடு, ஈரப் புல்லில், பாறை விளிம்பை நோக்கி இறங்க வேண்டியிருக்கும். புல் சரிவு குவிந்த வடிவில் இருப்பதால், எங்கே நிலம் முடிகிறது என்பது கடைசி வரை தெரியாது. ஏறும்போது விளிம்பு பக்கத்தில் இருக்கட்டும், இறங்கும்போது காலடியில் தார்ச்சாலை இருக்கட்டும்.

ஊரிலிருந்து கணவாய்க்கு

ஊர் என்பது ஒரே ஒரு தெரு. விரிகுடாவின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்து ஓடும். அதை இப்போதைக்குத் தாண்டிப் போங்கள், இறங்கும்போது வரலாம். வீடுகளுக்குப் பின்னால் நீண்ட கல்மதில் ஒன்று வயல்களையும் மேய்ச்சல் மலையையும் பிரிக்கிறது. சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், திறப்பு இருக்கும் இடத்தில் கடந்து போங்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கல், ஒரு கல் நகர்ந்தால் பத்துக் கல் சரியும்.

மதிலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கல் குவியல்கள் மாதிரி ஏதோ தெரியும். முதலில் பாறை என்று நினைப்பீர்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் வாசல் இருப்பது கண்ணில் படும். இவைதான் கிளெட்கள். ஹிர்ட்டாவில் மட்டும் 1,200-க்கும் மேல் இருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும், மலை உச்சி வரை, பாறை விளிம்பு வரை கிளெட்தான்.

ஒன்றின் முன்னால் நின்று கவனியுங்கள். முட்டை வடிவில் சுவர், மேலே போகப் போக உள்ளே குவிந்து வரும். மேலே பெரிய கற்பலகைகள், அவற்றின் மேல் புல்லோடு வெட்டி வைத்த மண். மழை அந்தப் புல் கூரையில் வழிந்து போய்விடும். சுவரின் கற்களுக்கு இடையே கையை வையுங்கள், உள்ளங்கையில் காற்று ஊதுவது தெரியும். இதுதான் சூட்சுமம். கூரை மழையைத் தடுக்கிறது, சுவர் காற்றை விடுகிறது. குனிந்து எட்டிப் பார்த்தால் ஆட்டுப் புழுக்கை வாசம்தான் வரும், இப்போது அவை ஆடுகளின் மழைக் கொட்டகை. ஒரு காலத்தில் இதற்குள் பறவை இறைச்சியும் முட்டையும் இறகும், எரிக்க வெட்டிய புல்மண்ணும் இருந்தன. நம் கடற்கரையில் வெயிலும் உப்பும் மீனைக் கருவாடாக்குகின்றன. இங்கே நம்பி இருக்க வெயில் கிடையாது, உப்பும் அரிது. ஓயாத காற்று ஒன்றுதான் இருந்தது, அதை வைத்தே சமாளித்துவிட்டார்கள்.

கூரை மேல் ஏறி நின்று படம் எடுக்க ஆசை வரும். வேண்டாம். செயின்ட் கில்டா 1986-ல் இயற்கைக்காகவும் 2005-ல் பண்பாட்டுக்காகவும் உலகப் பாரம்பரியக் களம் ஆனது. இந்தக் கல் குவியல்கள் அந்த இரண்டாவது அங்கீகாரத்தின் உயிர்நாடி.

ஏறும் வழியில் அன் லாக் என்ற பள்ளம் வரும். கோனகருக்கும் ஓய்ஷவல் மலைக்கும் நடுவே கிண்ணம் போல. அதற்குள் உயரமான கல் பட்டிகள். ஆட்டுப் பட்டி என்றாலே நமக்குத் தாழ்வான வேலி நினைவுக்கு வரும், இவை ஆள் மட்டத்துக்கு நிற்கின்றன. பள்ளத்தைச் சுற்றி, வலப்பக்கம் ஈரம் குறைவாக இருக்கும் தரையில் ஏறுங்கள்.

கணவாயில் முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. சாதுவான புல்வெளியில் ஏறிக்கொண்டிருப்பீர்கள், திடீரென்று முன்னால் நிலம் இல்லை. கீழே கடல். விளிம்புக்குப் பத்தடி முன்பே நில்லுங்கள். பார்க்க வேண்டும் என்றால் பையைக் கழற்றி வைத்துவிட்டு, குப்புறப் படுத்து நகர்ந்து போங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் அதுவும் வேண்டாம்.

படுத்திருக்கும்போது கண்ணுக்கு நேராக ஒரு பறவை இறக்கையை அசைக்காமல் மிதந்து வந்து உங்களையே பார்த்துவிட்டுப் போகும். மூக்கின் மேல் குழாய் வைத்த சாம்பல் நிறப் பறவை, ஃபுல்மர். இந்தத் தீவின் பொருளாதாரமே அதுதான். அதன் இறைச்சி உணவு, எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும், இறகும் எண்ணெயும் நில வாடகைக்கு. 1878 வரை பிரிட்டனில் ஃபுல்மர் கூடு கட்டிய ஒரே இடம் இதுதான். ஆண்கள் வெறுங்காலிலும் கம்பளிக் காலுறையிலும் இந்தச் சுவரில் கயிறு கட்டி இறங்கிப் பிடித்தார்கள். நீங்கள் கூட்டுக்கு அருகே போனால் அது வயிற்றிலிருந்து நாற்றம் பிடித்த எண்ணெயைத் துல்லியமாக உங்கள் மேல் துப்பும். துவைத்தாலும் போகாது. அந்தச் சட்டையோடு மூன்று மணி நேரம் மற்றவர்களுடன் படகில் திரும்ப வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கணவாயிலிருந்து உச்சிக்கு

நடையில் கடினமான பகுதி இது ஒன்றுதான். இடப்பக்கம் திரும்பி, விளிம்பை வலக்கைப் பக்கம் நல்ல தூரத்தில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். செங்குத்தான புல். நேராக ஏறாமல் இடமும் வலமுமாக வளைந்து ஏறினால் மூச்சு வாங்காது. ஆடுகள் போட்ட ஒற்றையடிப் பாதைகள் நிறைய தென்படும், ஆனால் அவை ஆட்டுக்கான பாதைகள். விளிம்புக்கு அரையடி தள்ளிப் போவதில் ஆட்டுக்குப் பிரச்சினை இல்லை.

அந்த ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன உருவம், காப்பிக்கொட்டை நிறம், கம்பளி தானாகவே உரிந்து தொங்கும். பக்கத்துத் தீவான சோயேயிலிருந்து 1932-ல் 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இவை. தீவனம் போடுவதில்லை, மருத்துவம் செய்வதில்லை. ஒரு குளிர்காலத்தில் கூட்டமாகச் செத்துவிடும், பிறகு மறுபடி பெருகும். 1985-லிருந்து ஆய்வாளர்கள் இவற்றை ஆடு ஆடாகக் கணக்கு வைத்துக் கவனித்து வருகிறார்கள். தனியாகக் கத்தும் குட்டியைப் பார்த்தால் மனசு கேட்காது. தூக்காதீர்கள், தாய் எங்காவது பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

கைத்தடிக்கு இப்போது வருவோம். மேல் சரிவுகளில் ஸ்குவா என்ற பழுப்பு நிறப் பெரிய பறவை கூடு வைத்திருக்கும், ஸ்காட்லாந்துக்காரர்கள் பாங்க்ஸி என்பார்கள். அதன் எல்லைக்குள் போனால் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து வரும். ஓடாதீர்கள். தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். உயரமாக இருக்கும் பொருளைத்தான் அது குறிவைக்கும். வந்த வழியே அமைதியாக விலகிப் போங்கள். 2021-லும் 2022-லும் பறவைக் காய்ச்சல் இந்த இனத்தை மிக மோசமாகத் தாக்கியது. அதனால் முன்பு போல ஓயாத தாக்குதல் இப்போது இல்லை. அது நமக்கு வசதி, பறவைக்கு அழிவு. செத்த பறவை எதையும் தொடாதீர்கள்.

உச்சிக்குக் கீழே சரிவில் துருப்பிடிக்காத உலோகத் துண்டுகள் கிடக்கலாம். 1943 ஜூனில் போஃபைட்டர் போர் விமானம் ஒன்று இந்த மலையில் மோதியது. அதன் மிச்சம் அது. கையில் எடுக்க வேண்டாம்.

உச்சியில்

சிறு கல் குவியல்தான் அடையாளம். வடக்கே நடந்தால் சில தப்படியில் அந்த 427 மீட்டர் சுவர். உட்கார்ந்தே பாருங்கள்.

வடகிழக்கில் சுமார் 6 கி.மீ. தள்ளிக் கடலிலிருந்து பல் முளைத்தது போல மூன்று உருவங்கள் தெரியும்: போரரே தீவு, ஸ்டாக் லீ, ஸ்டாக் அன் ஆர்மின். கடைசியாகச் சொன்னது 190 மீட்டருக்கு மேல் உயரமான ஒற்றைப் பாறை. 1727-ல் மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் பறவை பிடிக்க அதில் இறக்கிவிட்டு ஊர் திரும்பினார்கள். ஊரில் பெரியம்மை பரவிவிட்டது. போய் அழைத்துவரப் படகோட்ட ஆள் இல்லை. மறு வருடம் மே மாதம் வரை, ஒரு முழுக் குளிர்காலம், அந்தப் பாறையிலேயே பறவையும் மீனும் தின்று பதினொரு பேரும் உயிரோடு இருந்தார்கள். இந்த உச்சியிலிருந்து அந்தப் பாறையைப் பார்த்தபடி புளியோதரையை வாயில் வைத்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது, குளிர் எழுப்பிவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். கரையேறி இரண்டரை மணி நேரம் தாண்டியிருந்தால் அடுத்த பகுதியில் எந்தக் கிளைப் பாதையும் வேண்டாம், நேராக இறங்குங்கள்.

முல்லக் மோர், சாலை

மேற்கே அகலமான தோள் போன்ற மேட்டில் இறங்கி மறுபடி லேசாக ஏறினால் முல்லக் மோர், 361 மீட்டர். ரேடார் கருவிகள் நிற்கும் இடம். மேகத்துக்குள் இதைக் கடப்பதாக இருந்தால் திசைகாட்டியில் மேற்கைப் பிடித்துக்கொண்டு நடங்கள், விளிம்பு வடக்கில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சாலை காலில் தட்டுப்படும்போது நிம்மதியாக இருக்கும்.

சாலையில் கொஞ்சம் இறங்கியதும் மறுபக்கப் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும், க்ளென் மோர். ஊர் இருக்கும் பக்கத்துக்கு நேர் மாறாக, ஆள் அரவமே இல்லாத பச்சைப் பள்ளம் கடல் வரை சரியும். அங்கே ‘வீராங்கனையின் வீடு’ என்று ஒரு பழைய கல் கட்டடமும், நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட ஊற்றும் உண்டு. இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு நாள் பயணத்தில் வந்தவர்களுக்கு இது கட்டுப்படியாகாது, மேலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் தென்மேற்கே ‘காதலர் கல்’ வரை போகலாம். பாறை விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல். கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் ஆண் அதன் நுனியில் ஒற்றைக் காலில் நின்று, குனிந்து சமநிலை காட்ட வேண்டும் என்பது வழக்குக் கதை. கயிற்றில் தொங்கிப் பறவை பிடிக்கத் தெரியாதவன் குடும்பத்தைக் காப்பாற்ற மாட்டான் என்பது அதன் நியாயம். நம் ஊர் இளவட்டக் கல்லுக்கு அண்ணன். நீங்கள் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, அதில் ஏறாதீர்கள்.

சாலையில் கீழே ஊருக்கு முக்கால் மணி நேரம்.

தெரு: இதற்கு ஒரு மணி நேரம் கட்டாயம்

1860-களில் கட்டிய பதினாறு வீடுகள். இடையிடையே அதற்கு முந்தைய இருண்ட கல் குடில்கள். ஆறு வீடுகளுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள், மற்றவை வெறும் சுவர். மூன்றாம் எண் வீட்டில் சிறு அருங்காட்சியகம். கூரை இல்லாத வீடுகளுக்குள் போய் அடுப்பு இருந்த இடத்தைப் பாருங்கள், கடைசியாக அங்கே குடியிருந்தவர்களின் பெயரைக் கற்பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தெருவில்தான் ஆண்கள் தினமும் காலையில் கூடி அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதற்கு ‘பார்லிமென்ட்’ என்று பெயர் வைத்தார்கள். சில நாள் வாக்குவாதத்திலேயே பொழுது போய்விடுமாம். நம் திண்ணைதான்.

பின்னால் முட்டை வடிவ மதிலுக்குள் கல்லறைத் தோட்டம். பெயர் இல்லாத சிறு கற்கள் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி ஒரு வாரம் பத்து நாளுக்குள் ரணஜன்னியில் இறந்தன. 1890-களில் பாதிரியார் ஒருவர் கிருமிநீக்க முறையைக் கற்றுவந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் அது நின்றது. அதற்குள் ஊர் தேய்ந்துவிட்டது. 1697-ல் 180 பேர், 1930-ல் 36 பேர். அந்த 36 பேரும் தாங்களே விண்ணப்பம் எழுதிக் கேட்டு, 1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறிப் போனார்கள். கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் வைத்துவிட்டுப் போனார்கள். ஆண்களில் பலருக்கு மறு கரையில் கிடைத்த வேலை காட்டு இலாகாவில், வாழ்நாளில் மரத்தையே பார்க்காதவர்களுக்கு.

அவர்கள் போனதும் வீட்டுச் சுண்டெலி இனம் ஒன்று, மனிதர் இல்லாமல் பிழைக்கத் தெரியாமல், சில ஆண்டுகளில் அழிந்தே போனது. வயல் சுண்டெலி மட்டும் தாக்குப் பிடித்தது, பிரிட்டனின் மற்ற இடங்களில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு எடை. பகலில் தெரியாது. ஆனால் கல் சுவர்களுக்குள்ளிருந்து உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத உரத்த குரலில் ஒரு குருவி பாடும். இந்தத் தீவுக்கே உரிய ரென் அது. நின்று காத்திருந்தால் சுவரின் மேல் வந்து உட்காரும். காத்திருங்கள்.

கடலோரம் 1918-ல் நிறுத்திய பீரங்கி ஒன்று இருக்கிறது. அந்த வருடம் மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி வந்து இங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தைச் சுட்டுத் தள்ளியது, ஆட்கள் யாரும் சாகவில்லை. பிறகு பீரங்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது போரில் ஒரு முறைகூடச் சுடவில்லை.

படகேறும் நேரத்துக்குக் கால் மணி முன்பே துறையில் இருங்கள். உங்களுக்காக மற்றவர்கள் காத்திருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. காற்று திரும்பினால் ரப்பர் படகு ஓட்டுவதே கஷ்டமாகிவிடும்.

திரும்பும் வழி

களைப்பில் உள்ளே போய்ப் படுத்துவிடாதீர்கள். பெரும்பாலான படகுகள் திரும்பும்போது போரரேயையும் இரண்டு பாறைகளையும் சுற்றிக்கொண்டு போகும். தூரத்தில் ஸ்டாக் லீ வெள்ளை பூசியது போலத் தெரியும். கிட்டே போனால் அந்த வெள்ளையில் பாதி எச்சம், பாதி கேனட் பறவைகள். இந்த மூன்று இடத்திலும் சேர்த்துச் சுமார் 60,000 ஜோடி. படகோட்டி இன்ஜினைக் குறைத்ததும் பாறையின் நிழலுக்குள் போவீர்கள், குளிரும். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. போரரேயின் செங்குத்துச் சரிவைக் கூர்ந்து பாருங்கள், அங்கேயும் கிளெட் இருக்கிறது. அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டு வந்து, அலையிலிருந்து பாறைக்குத் தாவி, அந்தச் சரிவில் கல் சுமந்து கட்டியிருக்கிறார்கள்.

ஆயிரக்கணக்கில் பறவைகள் தலைக்கு நேர் மேலே வட்டமடிக்கும். மழைச் சட்டையின் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள், கேமராவைத் துணியால் மூடுங்கள். அண்ணாந்து பார்க்கும்போது வாயை மட்டும் திறக்காதீர்கள்.